பரவாயில்லை என்றால் நான்கு

இளையோர் மனநல ஆய்வு மையத்தின் வாசலில், "எங்கள் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அட்டையைக் காட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். அட்டையைக் காட்டவேண்டிய கருவியின் மேலேயே வாசகத்தை ஒட்டித் தொலைத்ததால், அட்டை வைத்திருப்பவர்களுக்கும் திறப்பதில்லை. முதல் நாள் நான் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்த காவலாளியின் சட்டையில் "பேசுங்கள், கேட்கிறோம்" என்று போட்டிருந்தது. பேசினேன். தடிமனான கண்ணாடி, அவருக்குக் கேட்கவில்லை. சிரித்துக் கையசைத்தார்.

மருந்துக் கடையில் பில் போடுகிறவளுக்கு ஆராய்ச்சி மையத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கைக்காகப் போனேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள் ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்புறம் அறையை விட்டே வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா தட்டை உள்ளே கொண்டுபோவதும், அப்படியே திரும்பக் கொண்டுவருவதுமாக இருந்தாள். பஸ் ஓட்டுகிற அப்பா, "எல்லாம் வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மையத்தில் பெயர் கொடுத்தால் இலவசமாக ஆலோசகரைப் பார்க்கலாம் என்றார்கள். கொடுத்தோம். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி அவளைக் காத்திருப்புப் பிரிவில் போட்டது. மொத்தம் இரண்டே பிரிவுகள்தான். ஒன்றில் இருப்பவர்கள் ஆலோசகரைப் பார்ப்பார்கள். இன்னொன்றில் இருப்பவர்கள் பார்க்க மாட்டார்கள். பார்க்காதவர்கள் என்ன ஆகிறார்கள் என்று மையம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காக வாராவாரம் ஃபோன் செய்து கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கத் தன்னார்வலர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தபோது நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருந்தால் காரியம் நடக்கும் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஆழமாக மூச்சு இழுப்பார். அதனால் அவருக்கு மூச்சு மேடம் என்று பெயர். பயிற்சியின் தலைப்பு, கேட்பது எப்படி.

"ஃபோன்ல அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் நீங்க 'ம்' மட்டும்தான் சொல்லணும். ஐயோன்னு சொன்னா அது உங்க கருத்து. அச்சச்சோ, அதுவும் உங்க கருத்து. 'அப்புறம்'னு கேட்டா நீங்க தூண்டுறீங்க. ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

"அழுதாங்கன்னா மேடம்?"

"அழுது முடிக்கிற வரைக்கும் இருங்க. முடிச்சதும் அடுத்த கேள்வி."

"முடிக்கவே இல்லைன்னா?"

மூச்சு மேடம் மூச்சை இழுத்தார். "அது விடுபட்ட பதில்."

பிறகு எங்களை வட்டமாக உட்காரவைத்து 'ம்' சொல்லவைத்தார்கள். அந்த 'ம்' நுனியில் மேலே போகக் கூடாது, போனால் கேள்வி. கீழே இறங்கினால் ஒப்புதல். இழுத்தால் சந்தேகம், வெட்டினால் சலிப்பு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற ஒரு 'ம்' வேண்டும். அறை முழுக்க வளர்ந்த ஆட்கள் மாடுகள் மாதிரி ம், ம் என்றுகொண்டிருந்தோம். எல்லோரும் தேறிவிட்டார்கள். நான் மட்டும் தோற்றுத் தோற்றுத் திரும்ப வந்தேன். "உங்க 'ம்'ல பாவம்ங்கற ஒரு இது இருக்கு. அதை எடுத்துடுங்க" என்றார் மூச்சு மேடம். எங்கேயிருந்து எடுப்பது என்று தெரியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். தேறிவிட்டேன்.

கேள்விகளுக்கு ஐந்து பதில்கள். மிக மோசம் என்றால் ஒன்று, மோசம் என்றால் இரண்டு, அப்படியேதான் என்றால் மூன்று, பரவாயில்லை என்றால் நான்கு, நன்றாக இருக்கிறேன் என்றால் ஐந்து. வேறு மொழியில் எங்கோ தயாரான கேள்விகளை நிபுணர் குழு ஒன்று உட்கார்ந்து தமிழாக்கியதாம். மையத்தின் புள்ளிவிவர நிபுணர் அதை விளக்கினார். டீ ஆறிவிட்டது என்பதைக்கூட இத்தனை சதவீதம் ஆறியிருக்கிறது என்று சொல்கிறவர். ஆகவே அவர் பெயர் சதவீதம்.

"முந்தி உடம்பு சரியில்ல, இப்பப் பரவாயில்லன்னுதானே சொல்றோம்? அப்போ பரவாயில்லைன்னா முன்னேற்றம். அதான் நாலு" என்றார் சதவீதம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "யாராவது காலை மிதிச்சுட்டு மன்னிச்சுக்கோங்கன்னா, அப்பவும் பரவாயில்லைன்னுதான் சார் சொல்றோம். கால் வலிக்கலைன்னா அர்த்தம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கால், உடல்நலம். அது வேற துறை."

அந்த வார்த்தையோடு எங்கள் வீட்டுக்குப் பழைய சம்பந்தம் உண்டு. பேசப் பழகிய வயதில் தங்கை அதைத் தன் கணக்குக்கு வளைத்து வைத்திருந்தாள். வலிக்கவில்லை என்றால் பரவாயில்லை. வலித்தால், "பரவா இருக்கு!" பஸ்ஸில் யாரோ அவள் காலை மிதித்துவிட்டு, "சாரி பாப்பா" என்றதற்கு, கண்ணில் நீர் முட்ட, "பரவா இருக்கு!" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டச் சொன்னோம். அப்புறம், அப்படி ஒரு வார்த்தை கிடையாது என்று திருத்தினோம். பள்ளிக்கூடம் சேர்வதற்குள் அவளும் மற்றவர்களைப் போலச் சமத்தாகப் பரவாயில்லை சொல்லப் பழகிவிட்டாள்.

மையத்துக்குப் போகத் தொடங்கிய சில நாளில் என்னை இளைஞர் குரல் குழுவில் சேர்த்தார்கள். "என் குரலும் கேட்கப்படுகிறது" என்று எழுதிய பனியன் ஒன்று கொடுத்தார்கள். என் அளவில் இல்லை, தோளை விட்டு வழிந்தது. குழுவின் முதல் கூட்டத்தில் இயக்குநர் பேசினார். பஞ்சில் சுற்றி எடுத்துவைத்த மாதிரி ஒரு குரல் அவருக்கு.

"இந்த மையம் உங்களோடது. இளைஞர்களுக்காக, இளைஞர்களால நடக்கிற இடம் இது. நான் சும்மா கையெழுத்து மட்டும்தான் போடுறேன். எல்லா முடிவுக்கும்."

கூட்டத்தின் கடைசி அம்சம், "இளைஞர் குரல், நேரம் இருந்தால்." மையத்தின் சின்னத்தில் இரண்டு கைகள் ஏந்தியிருப்பது இதயமா மூளையா என்று பெரியவர்கள் வாதாடியதில் முதல் கூட்டத்தில் நேரம் இருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தக் கைகள் யாருடையவை என்று வாதாடினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் டீ வருவதற்குத் தாமதமானதால் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. காத்திருப்புப் பிரிவில் இருப்பவர்களை எப்போது ஆலோசகர் பார்ப்பார் என்று கேட்டேன்.

"அருமையான கேள்வி! இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் இந்தக் குழுவே இருக்கு" என்று இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். டீ வந்துவிட்டது. கூட்டக் குறிப்பில், "இளைஞர் ஒருவர் கேள்வி கேட்டார்" என்று பதிவானது. என்ன கேள்வி என்பது பதிவாகவில்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த இயக்குநரைத் தனியாகப் பிடித்தேன். "சார், காத்திருக்கறதுல ஒருத்தி என் தங்கச்சி. சாப்பிட மாட்டேங்கறா. பேச மாட்டேங்கறா. ஒரே ஒரு தடவை ஆலோசகர் பார்த்தாப் போதும் சார்."

"புரியுதும்மா. ஆனா அவங்களைப் பார்த்துட்டோம்னா அப்புறம் அவங்க காத்திருக்கறவங்களா இருக்க மாட்டாங்களே? நாங்க யாரோட ஒப்பிடறது?" தோளில் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதீங்க. உங்க தங்கச்சி படற கஷ்டம் ஒரு துளிகூட வீணாப் போகாது. எத்தனையோ பேருக்குப் பயன்படப் போகுது."

"அவளுக்கு சார்?"

"ஏன், அவங்களுக்கும்தான்! ஆய்வு முடிஞ்சு அறிக்கை வந்ததும் வாங்கிப் படிக்கட்டுமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

சொந்தக்காரர்களுக்கு நாமே ஃபோன் செய்யக் கூடாது என்பது விதி. தங்கையின் எண் பக்கத்து மேசைப் பையனுக்குப் போயிருந்தது. சுருட்டை முடி, நல்லவன், மையத்திலேயே மிகத் தட்டையான 'ம்' அவனுடையதுதான். அவன் ஃபோனில் சத்தம் கொஞ்சம் கூடுதல். ஒரு மத்தியானம் அந்தப் பக்கத்துக் குரல் கசிந்து வந்தபோது என் கை நின்றுவிட்டது. வீட்டில் எங்களிடம் பேசாதவளின் குரல்.

"இந்த வாரம் எப்படி இருந்தீங்க?" என்றான் சுருட்டை.

"பரவால்ல..." என்றாள். இன்னும் கொஞ்சம் விட்டு, "அது வந்து..."

"ம். நாலு. அடுத்த கேள்வி, தூக்கம் எப்படி?"

நான் எட்டி அவன் முழங்கையைப் பிடித்தேன். "ஏதோ சொல்ல வர்றாடா. என்னன்னு கேளேன்!"

அவன் ஃபோனைப் பொத்திக்கொண்டான். "கேட்டா அது தூண்டுறது, அக்கா. என்னைத் தூக்கிடுவாங்க." அவன் கையை எடுப்பதற்குள் அந்தப் பக்கம் ஃபோனை வைத்தாகிவிட்டது.

கடையில் பில் போட்டு முடித்து வீட்டுக்கு வந்ததும் நேரே அவள் அறைக்குப் போனேன். "அது வந்துன்னு ஆரம்பிச்சியேடி, என்னடி அது?"

"ஒண்ணுமில்ல. பரவால்ல, விடுக்கா" என்றாள் சுவரிடம்.

மறுநாள் மூச்சு மேடத்திடம் போய்ச் சண்டை போட்டேன். ஒரு பெண் வாயைத் திறந்தபோது உங்கள் 'ம்' அதை மூடிவிட்டது என்றேன். அவர் இழுத்த மூச்சை வெகுநேரம் விடவேயில்லை. அடுத்தவர் ஃபோனை ஒட்டுக்கேட்டது பெரிய குற்றம் என்று எடுத்துச் சொன்னார். தண்டனையாக என்னை மறுபடியும் 'ம்' வகுப்புக்கு அனுப்பினார். கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தில், கேட்டுவிட்டதற்காகத் தண்டனை வாங்கியவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் ஆய்வின் முடிவு வந்தது. பெரிய அறையில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சதவீதம் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று ஏறிக்கொண்டே போனது. மற்றது இறங்கிக்கொண்டே போனது. ஏறுவது சிகிச்சை பெற்றவர்கள் என்று நினைத்து இயக்குநர் கைதட்டத் தொடங்கினார்.

"ஏறுறது காத்திருப்புப் பிரிவு சார்" என்றார் சதவீதம்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. ஆலோசகரைப் பார்த்தவர்கள் வாரத்துக்கு வாரம் மோசம், மிக மோசம் என்கிறார்கள். யாரையும் பார்க்காதவர்களில் முக்கால்வாசிப் பேர் பரவாயில்லை என்கிறார்கள். நாலு, நாலு, நாலு.

அத்தனை பேரையும் ஒற்றை ஆளாகப் பார்த்து வந்த ஆலோசகர் அம்மா எழுந்தார். "என்கிட்ட வர்ற பசங்க முதல்தடவையா வாயைத் திறந்து பேசறாங்க சார். நல்லால்லைன்னு சொல்லத் தைரியம் வந்திருக்கு. அதனாலதான் ஒண்ணு, ரெண்டு. சொல்ல ஆளில்லாதவங்கதான் பரவாயில்லைன்னு முடிச்சுக்கறாங்க. ஃபோனை வைங்கன்னு மரியாதையா சொல்றாங்க, அவ்வளவுதான்."

"அது கதை மேடம். இது புள்ளிவிவரம்" என்றார் சதவீதம்.

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"நண்பர்களே, இத்தனை காலம் நாம தப்பான பக்கம் உழைச்சிருக்கோம். ஆளுங்களைப் பார்த்தா மோசமாகுது. பார்க்காம விட்டா குணமாகுது! யோசிச்சுப் பாருங்க, இதுக்கு ஆலோசகர் வேண்டாம், மருந்து வேண்டாம், நம்ம நேரம்கூட வேண்டாம். நாற்காலி போதும். உலகத்துலயே இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காத சிகிச்சையை, நாம எதுவுமே செய்யாம கண்டுபிடிச்சிருக்கோம்!"

அந்த வாரமே ஆலோசகர் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காத்திருப்புக்கு மாற்றினார்கள். ஆலோசனை அறைகளின் தடுப்புகளை உடைத்து ஒரே கூடமாக்கினார்கள். வரிசை வரிசையாக நாற்காலிகள், மூலையில் எண் சீட்டுக் கொடுக்கும் எந்திரம். சீட்டு வரும், எண்ணை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் காத்திருப்பு முடிந்துவிடும், சிகிச்சை பாதியில் நின்றுவிடும் என்று மூச்சு மேடம் விளக்கினார். நிலைமை முற்றியவர்களுக்குத் தீவிரக் காத்திருப்பு என்று தனி வரிசை. அதில் நாற்காலி கிடையாது.

கூடத்தின் திறப்பு விழாவுக்கு முன்மாதிரிக் காத்திருப்பாளர் ஒருவரை மேடையேற்ற முடிவு செய்தார்கள். ஒரு வாரம்கூடப் பிசகாமல் நாலு வாங்கியவள் என் தங்கை. அழைப்பு அவள் ஃபோனுக்கே வந்தது. அதைக் கிழித்துப்போட முடியாதே என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். சீப்பு எங்கே என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா சீப்பைத் தேடிக்கொண்டே அழுதாள்.

"எதுக்குடி போகணும்?" என்றேன்.

"நேர்ல வரச் சொல்லியிருக்காங்கக்கா. ஒருவழியா என்னைக் கூப்பிட்டுட்டாங்க." சிக்கு விழுந்த முடியை மெதுவாகப் பிரித்தாள். "பார்ப்பாங்கல்ல?"

அந்த மையத்தை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் எதையும் வெறுத்ததில்லை.

விழாவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இயக்குநர், மூச்சு மேடம், சதவீதம் மூவரும் மேடையில் இருந்தார்கள். தன் சாமான்களை எடுத்துப்போக வந்த ஆலோசகர் அம்மா, மடியில் ஒரு அட்டைப் பெட்டியோடு கடைசி வரிசையில் இருந்தார். தங்கையை மேடைக்கு அழைத்து நடுவில் நிற்கவைத்தார்கள். இயக்குநர் பஞ்சுக் குரலில், "சொல்லும்மா, இப்ப எப்படி இருக்கே?" என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

அவள் மைக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கேட்பதற்கு ஒரு ஆள் எதிரே நிற்கிறார் என்று நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"பரவா..." என்றாள்.

அவ்வளவுதான் தாமதம். இயக்குநர் தட்டினார், மூச்சு மேடம் தட்டினார், கூடமே இடிந்து விழுகிற மாதிரி தட்டியது. சதவீதம் நாலு போட்டுவிட்டார். அவள் கைதட்டல் ஓயும் வரை பேசாமல் நின்றாள். ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து முடித்தாள்.

"...இருக்கு."

"என்னம்மா?"

"பரவா இருக்கு சார். ரொம்பப் பரவா இருக்கு." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "அது வந்து... அதைத்தான் ஃபோன்ல சொல்ல வந்தேன். காலைல கண்ணைத் திறக்கவே பயமா இருக்கு. எதுக்கு இருக்கோம்னு இருக்கு. யாராவது பார்ப்பாங்கன்னுதான் பேரு குடுத்தேன். யாரும் பார்க்கல."

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் பயிற்சி பெற்றவர் இல்லையா? மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், அச்சு அசலாக ஒரு "ம்" சொன்னார்.

பிறகு மைக்கை அணைத்துவிட்டு, பாப்பாவுக்கு மேடைக் கூச்சம் என்றார். மூச்சு மேடம் பூச்செண்டை அவள் கையில் திணித்து இறங்கச் சொன்னார். சதவீதம் மும்முரமாகத் தாளைப் புரட்டினார். ஒன்றிலிருந்து ஐந்து வரை எதிலும் 'பரவா இருக்கு' இல்லை.

நான் மேடையருகே ஓடுவதற்குள் ஆலோசகர் அம்மா அங்கே இருந்தார். பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். "எது பரவா இருக்கு? வா, உக்காந்து சொல்லு." புதுக் கூடத்து நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். என் தங்கை பேசினாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

காவலாளி வந்தார். "இங்க காத்திருக்கத்தான் அனுமதி. பேசக் கூடாது."

"உங்க சட்டையை நீங்களே ஒருதடவை படிங்க!" என்று கத்தினேன். பனியனைக் கழற்றி அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போலிருந்தது, கூட்டத்தில் முடியவில்லை. அவர் குனிந்து தன் சட்டையைப் படித்தார். பிறகு கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இப்போது தங்கை வாரம் தவறாமல் ஆலோசகர் அம்மாவின் வீட்டுக்குப் போகிறாள். போய்வந்த அன்று சில சமயம் நிறைய அழுகிறாள், சில சமயம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மையத்தின் கணக்கில் அவள் தேற இன்னும் வெகுகாலம் ஆகும்.

நேற்று மையத்தின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. வழவழப்பான அட்டை. அதில் மைக்கின் முன்னால் வாய் திறந்தபடி என் தங்கை. கீழே தடித்த எழுத்தில், "'பரவாயில்லை!' என்கிறார் பயனாளி" என்று போட்டிருந்தார்கள். உடனே ஃபோன் செய்தேன். சதவீதம்தான் எடுத்தார். அவள் சொன்னது அதுவல்லவே என்றேன்.

"அப்படி ஒரு வார்த்தையே கிடையாதே. பிழையா இருந்துச்சு, திருத்திட்டோம்" என்றார்.

ஃபோனை வைத்தேன். இந்தப் பாவிகளை என்னதான் செய்வது என்று வாய்விட்டே கேட்டேன். தங்கை என் கையிலிருந்த அறிக்கையை வாங்கித் தன் படத்தை வெகுநேரம் பார்த்தாள். வழக்கமாக அவள் சொல்கிற 'பரவால்ல, விடுக்கா' எனக்கு மனப்பாடம். அதற்காகக் காத்திருந்தேன்.

அறிக்கையைத் திருப்பி என் கையில் வைத்து அழுத்தினாள்.

"விடாதக்கா."